லேத்திலும் பிளே, வாலிலும் பிளே

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன். என் பழைய லேத்தின் கைப்பிடியில் கால் சுற்று ‘பிளே’ இருக்கிறது. திசை மாற்றிச் சுற்றினால் அந்தக் கால் சுற்று தீரும் வரை டூல் நகராது. அதனால் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்தே அளவுக்கு வருவேன். விமானத்தின் வாலிலும் இப்படித் தேய்மானம் இருக்குமே, ஆட்டோபைலட் எப்படிச் சமாளிக்கிறது?
– ஒரு வாசகர், கப்பலூர்

பதில்: கடிதத்தின் ஓரத்தில் ஆயில் கறை. பட்டறையிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. விமானக் கருவிகளைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். ‘ஒரே பக்கத்திலிருந்து வருவேன்’ என்றீர்களே, விமானத்துக்குக் கிடைக்காத வசதி அதுதான். மூக்கு தாழ்ந்தால் எலிவேட்டரை மேலே தூக்க வேண்டும், உயர்ந்தால் கீழே இறக்க வேண்டும். (எலிவேட்டர் என்பது வாலின் பின்விளிம்பில் கீல் வைத்துப் பொருத்திய தகடு.)

மூக்கு லேசாகத் தாழ்கிறது என்று வையுங்கள். ஆட்டோபைலட் மோட்டாரைச் சுற்றுகிறது, தகடு அசையவில்லை. பிழை தீரவில்லையே என்று மேலும் சுற்றுகிறது. பிளே தீர்ந்து தகடு எழும்போது நேரம் கடந்திருக்கும், உத்தரவும் கூடிப்போயிருக்கும். மூக்கு அளவைத் தாண்டி உயர்கிறது. திரும்பி வரும்போதும் அதே கூத்து. இந்த ஆட்டம் பெரும்பாலும் ஓர் அளவுக்கு மேல் வளராது, தானாக அடங்கவும் அடங்காது. ‘லிமிட் சைக்கிள்’ என்பார்கள். இரு மடங்கு உத்தரவுக்கு இரு மடங்கு அசைவு என்று போடும் நேர்கோட்டுக் கணக்கில் இது தென்படாது. சிறிய வீச்சுக்குத் தனியாக, பெரிய வீச்சுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

காற்று நமக்குக் கொஞ்சம் உதவுகிறது. தகட்டை அது ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும் வரை பிளேயும் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கும், உங்கள் உத்தி போலவே. சமமாகப் பறக்கும்போது, தகட்டின் மீது சுமை ஏறக்குறைய இல்லாமல் போகிற அந்த அமைதியான நேரத்தில்தான் ஆட்டம் தொடங்கும்.

ஒருமுறை எங்களிடம் வந்த சிறிய விமானம் ஒன்று சில விநாடிகளுக்கு ஒருமுறை தலையாட்டிக்கொண்டே பறந்தது. கம்ப்யூட்டர் பெட்டியை இருமுறை மாற்றினோம். பிறகு கெயினை, அதாவது பிழைக்கு எவ்வளவு வேகமாகப் பாய வேண்டும் என்பதை, குறைத்தோம். தலையாட்டல் நின்றது, ஆனால் காற்று குலுக்கினால் உயரம் நிற்கவில்லை. கடைசியில் மூத்த மெக்கானிக் ஒருவர் வாலுக்குள் கையை விட்டார். ஆட்டோபைலட் மோட்டாரை எலிவேட்டர் கேபிளோடு இணைக்கும் மெல்லிய கம்பிவடம், துணி காயப்போட்ட கொடியைப் போலத் தொய்ந்திருந்தது. அளவுமானி வைத்து இறுக்கினார், அவ்வளவுதான். பெட்டியை முதலில் கழற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

வடிவமைக்கும்போது செய்து வைப்பவையும் உண்டு. வேகம் இரட்டித்தால் அதே கோணத்துக்கு விசை நான்கு மடங்காகும், ஆகவே வேகம் ஏற ஏறக் கெயினைத் தணிப்பார்கள். தகடு எல்லையில் முட்டி நிற்கும்போது பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதியை நிறுத்திவைப்பார்கள். கெயின் தவறி இரு மடங்கானாலும் நிலைகுலையாதபடி இடம் விட்டு வைப்பது பழைய வழக்கம்.

கேள்வி: தகடு வேகமாக அசைய முடியாததால் உண்மையிலேயே விமானம் விழுந்திருக்கிறதா?
– பொறியியல் மாணவி, உசிலம்பட்டி

பதில்: விழுந்திருக்கிறது, அம்மா. ஆனால் ஆட்டோபைலட்டால் அல்ல. விமானியின் கைக்கும் தகட்டுக்கும் நடுவே கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும் போர் விமானங்களில் நடந்தது. 1993 ஆகஸ்டு 8 அன்று ஸ்டாக்ஹோமில் மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுவீடனின் கிரிபென் கட்டுப்பாடு இழந்தது. விமானி வெளியே குதித்துப் பிழைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் தளத்தில் ஒய்எஃப்-22 மூக்கை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடுபாதையில் மோதியது. அந்த விமானியும் தப்பினார். கை கேட்கும் வேகத்துக்குத் தகடு வராவிட்டால் பதில் தாமதமாகிறது. விமானி எதிர்ப்பக்கம் இழுக்கிறார், அதுவும் தாமதமாகவே வருகிறது. பிளே சின்ன அசைவில் தொல்லை, இது பெரிய அசைவில் தொல்லை.

உங்கள் ஆய்வகத்தில் சர்வோ மோட்டார் இருந்தால் அதற்கு சைன் அலையைக் கொடுத்து வீச்சைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் வெளிவரும் அலை முக்கோணமாகி, பின்தங்கத் தொடங்கும். அந்த அலை பதிவான தாளை எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசை.