பச்சை முக்கோணம் இருந்தால் கருவுக்கு ஆபத்து இல்லையா?

பிசான நெல்லுக்கு மருந்து அடிக்கும்போது நானும் வயலில் நிற்பேன். இப்போது மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். டப்பாவில் பச்சை முக்கோணம்தான் போட்டிருக்கிறது. பயமில்லைதானே? (அம்பாசமுத்திரம் வாசகி)

மருந்து அடிக்கும் வயலுக்குப் போகாதீர்கள், அம்மா. ஒரே தடவையில் எவ்வளவு உள்ளே போனால் உயிர் போகும் என்பதற்குத்தான் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம். ஆய்வு விலங்குகளில் பாதி சாக, கிலோ எடைக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் பச்சை. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி அந்த முக்கோணம் எதுவும் சொல்வதில்லை. கார்பென்டாசிம் பூஞ்சண மருந்தையே பாருங்கள். உடனே ஆளைக் கொல்லும் நஞ்சு அல்ல. ஆனால் கருவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கேடு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை 1பி பிரிவில் (மனிதருக்கும் கேடு என்றே கருத வேண்டியவை) வைத்திருக்கிறது. மருந்து அடித்தவர் போட்டிருந்த சட்டையையும் வேறு யாராவது தனியாகத் துவைக்கட்டும்.

எலிக்கு வருவது மனிதனுக்கும் வருமா? அரசு நிபுணர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? (பாளையங்கோட்டை மாணவர்)

எலியை மட்டும் நம்புவதில்லை. 1957 முதல் 1961 வரை விற்ற தாலிடோமைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. அந்தக் குறை எலியில் சரியாகத் தெரியவில்லை, முயலில் தெரிந்தது. அதனால் இப்போது வழக்கமாக இரண்டு இனங்களிலும் சோதிக்கிறார்கள். கேடு தெரியாத அளவை எடுத்து, விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்தாலும், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்தாலும் வகுத்து, மனிதருக்கான வரம்பை வைக்கிறார்கள்.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி: யார் உடம்பில், எவ்வளவு சேர்கிறது? அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் கவலையை ஐந்து படிகளாகப் பிரித்தது. பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பினால்-ஏ பற்றி 2008-இல் அது தந்த முடிவில், கருவுக்கும் குழந்தைகளுக்கும் மூளை வளர்ச்சி விஷயத்தில் நடுப்படிக் கவலை. அதைக் கையாளும் வேலையில் இல்லாத பெரியவர்களின் பிள்ளைப்பேற்றுக்கோ மிகக் கீழ்ப்படி. பொருள் ஒன்றுதான், ஆளைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. ‘பாதுகாப்பானது’ என்று யார் சொன்னாலும் ‘யாருக்கு?’ என்று கேளுங்கள்.

மருமகள் உண்டாகியிருக்கிறாள். பீடி சுற்றலாமா? புகைப்பது இல்லையே! (முக்கூடல்)

நிறுத்த முடிந்தால் நிறுத்துவதே நல்லது. புகையிலைத் தூளைத் தொட்டாலே தோல் வழியாக நிகோட்டின் இறங்கும், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும். வளரும் கருவுக்குக் கேடானவை என்ற பட்டியலில் கலிபோர்னியா அரசு நிகோட்டினை 1990-இலேயே சேர்த்துவிட்டது. அந்தக் கூலியை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது என்றால், காற்றோட்டமான இடத்தில் உட்காரட்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். படுக்கும் அறையில் தூள் வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வேலையைப் பற்றி அவசியம் சொல்லுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. எல்லோரும் என் மனைவியைத்தான் குறை சொல்கிறார்கள். வாழைக்கு மருந்து அடிப்பவன் நான். (களக்காடு)

அண்ணாச்சி, நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவரை மட்டும் குறை சொல்வது அநியாயம். கலிபோர்னியாவில் 1977-இல், டிபிசிபி என்ற நூற்புழு மருந்தைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் பலருக்கும் பிள்ளை இல்லை என்பதைக் கவனித்தார்கள். சோதித்தபோது பலருக்கு விந்தணு குறைவு, சிலருக்கு அறவே இல்லை. 1979-இல் அமெரிக்கா அந்த மருந்தின் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியது.

விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். பரிசோதனைக்குப் போகும்போது கடந்த மூன்று மாதத்தில் அடித்த மருந்துகளின் பெயரை டப்பாவைப் பார்த்து எழுதி எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.