வாசகர் கேள்வி – பதில்: இயந்திரத்தில் வார்த்த பழைய போத்தல்களைச் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இடிந்து கிடக்கும் பழைய துரை பங்களாவின் குசினிக்குப் பின்னால், மரக்கறி போடுவதற்காக நிலத்தைக் கொத்தியபோது பல கண்ணாடிப் போத்தல்கள் கிடைத்தன. கண்டியில் போத்தல் சேர்க்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “இவை எல்லாம் மெசின் போத்தல்கள், பழைய போத்தல் வாங்க வருபவரிடம் போட்டுவிடுங்கள்” என்று சொல்லிச் சென்றார். இயந்திரத்தில் செய்த போத்தல்களுக்கு உண்மையிலேயே மதிப்பு இல்லையா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியை எடுத்து, வாயால் ஊதிச் செய்த போத்தலுக்கே சேகரிப்பாளர்கள் முதலிடம் தருகிறார்கள். அத்தகைய இரண்டு போத்தல்கள் முழுக்க ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதும், அவை எண்ணிக்கையில் குறைவு என்பதும் அதற்குக் காரணங்கள். ஆனால் அந்த ஒரு கோட்டை மட்டும் கீறிவிட்டு, அதற்கு அப்பால் உள்ள எல்லாவற்றையும் குப்பை என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. ஒரு போத்தலைப் பொறுத்தவரை நான் முதலில் பார்ப்பது அது எப்படிச் செய்யப்பட்டது என்பதையல்ல. அது எந்த ஊரின், எந்தக் கடையின், எந்தப் பொருளின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதைத்தான்.

முதலில், நண்பர் சொன்னது சரிதானா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். போத்தலுக்கு வடிவம் தரும் அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் போத்தலின் இரு பக்கங்களிலும் மெல்லிய கோடு விழும். அந்தக் கோடு கழுத்தைத் தாண்டி, வாய் விளிம்பின் மேல்வரை ஏறிச் சென்றால் அது பெரும்பாலும் இயந்திரப் போத்தல். கையால் செய்தவற்றில் வாய்ப்பகுதியைத் தொழிலாளி பின்னர் கருவியால் திருப்பி வடிவமைப்பார் என்பதால், கோடு விளிம்புக்குக் கீழேயே மறைந்துவிடும். இதிலும் விதிவிலக்குகள் உண்டு. வாயை உராய்ந்து மட்டமாக்கிய பழைய ஊறுகாய் ஜாடிகளில், கையால் ஊதியவையாக இருந்தபோதிலும், கோடு மேல்வரை செல்லும். இயந்திரப் போத்தலின் வாயை மீண்டும் தீயில் காட்டி மெருகேற்றினால் கோடு மங்கிப்போகும். ஆகவே கோட்டை மட்டும் நம்பாமல் போத்தலைக் கவிழ்த்து அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே சற்று ஒரு பக்கமாக விலகி, ஓரம் பிசிறு பிசிறாக உள்ள வட்டத் தழும்பு தெரிந்தால், அது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் உருவாக்கிய தானியங்கி இயந்திரத்தின், அல்லது அதன் வழிவந்த இயந்திரங்களின் கைவரிசை. அந்த இயந்திரம் உருகிய கண்ணாடியைத் தொட்டியிலிருந்து வெற்றிடத்தின் மூலம் மேலே உறிஞ்சி முதல் அச்சை நிரப்பும்; தொங்கும் கண்ணாடியை அடியில் ஒரு கத்தி வெட்டிவிடும்; பிறகு இரண்டாவது அச்சுக்குள் காற்றைச் செலுத்திப் போத்தலாக ஊதும். அந்தத் தழும்பு கத்தி பட்ட இடம். இன்னொரு சான்றும் உண்டு: முக்கியக் கோட்டுக்குப் பக்கத்தில், அதனோடு சேராமல் சற்று வளைந்து நெளிந்து ஓடும் மங்கலான இரண்டாவது கோடு. முதல் அச்சு விட்டுச்சென்ற அந்தக் கோட்டைக் கண்டால் இயந்திரம் என்பதில் ஐயமே வேண்டாம்.

நம் மலையகத்துக்கு வந்தவற்றில் பெரும்பங்கு பிரித்தானியச் சரக்கு என்பதால், அந்நாட்டு வரலாற்றையும் சொல்ல வேண்டும். யோக்‌ஷயரின் காசில்போர்ட் நகரில் அஷ்லி என்பவர் 1880களின் பிற்பகுதியிலேயே பாதி இயந்திரம், பாதி கைவேலை என்ற முறையில் போத்தல் செய்யத் தொடங்கிவிட்டார். அதனால் பழைமைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் பலர் நினைக்கும் அளவுக்குத் தூரம் இல்லை. ரயில் பாதை நானுஓயாவை எட்டியது 1885இல். பதுளையை எட்டியது 1924இல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் போத்தல் செய்யும் வேலை மனிதரின் மூச்சிலிருந்து இயந்திரத்தின் காற்றுக்கு மாறியது. அதே காலத்தில்தான் பங்களாக்களுக்கான சோடா, பியர், மருந்து, மை, இறைச்சிச் சாறு ஆகியவை பெட்டி பெட்டியாக ரயிலேறி மலைக்கு வந்தன. உங்கள் குசினிக் குழியில் இரண்டு வகையும் கலந்து கிடப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நண்பர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை, நீங்கள் பாருங்கள்.

இனி மதிப்பு. பணத்தைப் பற்றிக் கேட்டால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: பெயரோ எழுத்தோ இல்லாத, நிறமற்ற, சாதாரண வடிவிலான இயந்திரப் போத்தலுக்கு விலை கிடையாது. பொவ்ரில் என்ற இறைச்சிச் சாறு வந்த ஜாடி போன்றவை பிரித்தானியக் கொடி பறந்த இடமெல்லாம் போய்ச் சேர்ந்தவை. பெயர் பொறித்திருந்தும் அவற்றுக்கு அருமை இல்லை. ஆனால் இயந்திரப் போத்தல் என்பதாலேயே விலை போகாது என்ற வாதம் நிற்காது. உலகத்தில் மிக அதிகமாகச் சேகரிக்கப்படும் போத்தல்களுள் ஒன்றான கொக்கா-கோலாவின் வளைவுப் போத்தல், 1915இல் இந்தியானா மாநிலத்துக் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைக்கப்பட்டதே இயந்திர உற்பத்திக்காகத்தான். அதன் மாதிரிப் போத்தல் ஒன்று 2011இல் 2,40,000 டொலருக்கு ஏலம் போனது.

நம் நாட்டில் நான் தேடச் சொல்வது வேறு. கொழும்பு, கண்டி, நுவரெலியா, பதுளை என்று ஏதாவது ஓர் ஊரின் பெயர் கண்ணாடியிலேயே புடைப்பெழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக் கடை, சோடா கம்பனி, பால் பண்ணை ஆகியவற்றின் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. ஊர்க்கடை ஒன்றுக்காகச் சிறிய தொகையில் செய்யப்பட்ட இயந்திரப் போத்தல், இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட கைப்போத்தலைவிட அரிதாக இருக்கும். அடுத்தபடியாக, மருந்தின் அளவைக் காட்டும் கோடுகள் பக்கவாட்டில் உள்ள தோட்டத்து டிஸ்பென்சரிப் போத்தல்கள். இருட்டில் தடவினாலும் விஷம் என்று தெரியும்படி வரிவரியாகப் புடைத்த நீல, பச்சை நஞ்சுப் போத்தல்கள். கிளாக்கர்மார் பயன்படுத்திய மைப் போத்தல்கள். தோட்டத்து மக்களின் அன்றாடத்தைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பது குறைவு. இருப்பவற்றிலும் பெரும்பகுதி துரைமாரின் கணக்குப் புத்தகம். டிஸ்பென்சரியில் கொடுத்த கலவை மருந்தைக் குடித்தவர்கள் நம் பாட்டன், பாட்டிமார் என்பதால் அந்தப் போத்தல்களின் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு, அதை மறைக்கவில்லை.

இயந்திரம் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஓவன்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். 10 வயதில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். கையால் ஊதிய அழகிய போத்தல்களுக்குப் பின்னால், உலை வெக்கையில் ஓடி ஓடி உழைத்த சிறுவர்கள் ஏராளம். அவர்களின் தேவையை வெகுவாகக் குறைத்தது அவருடைய இயந்திரம்.

கேள்வி: கண்டியில் ஒரு பழைய சாமான் கடையில் கத்தரிப்பூ நிறப் போத்தல் ஒன்றைப் பார்த்தேன். தோட்டத்து மண்ணில் தோண்டியெடுத்தது, 150 வருடப் பழைமை என்றார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கமாட்டேன். கண்ணாடி செய்யும் மணலில் உள்ள இரும்பு, கண்ணாடிக்கு இலேசான பச்சை நிறத்தைத் தரும். அதைப் போக்கித் தெளிவாக்க, அக்காலத்தில் மங்கனீசு சேர்த்தார்கள். மங்கனீசு கலந்த கண்ணாடி பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர்பட்டு மெல்லிய ஊதா நிறம் பெறும். முதலாம் உலகப் போர்க் காலத்தையொட்டி மங்கனீசின் இடத்தைச் செலினியம் பிடித்துக்கொண்டது. ஆகவே இந்த நிறம் கையால் ஊதிய போத்தலிலும் வரும், தொடக்க கால இயந்திரப் போத்தலிலும் வரும். நிறத்தை மட்டும் வைத்து 150 வருடம் என்று சொல்ல வழியே இல்லை. அதைவிட முக்கியமான கேள்வி, மண்ணுக்குள் புதைந்து கிடந்த போத்தலுக்கு வெயில் எங்கிருந்து கிடைத்தது என்பது. வெயிலால் வரும் நிறம் வெளிறியதாகவே இருக்கும். அடர்ந்த ஊதாவாக இருந்தால், மலிவான பழைய போத்தலைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி நிறமேற்றியிருப்பார்கள். அது விலையை ஏற்றுவதற்கான வேலை. அடியைத் திருப்பிப் பார்த்து, சிறுசிறு புள்ளிகளோ பற்களோ வட்டமாகப் பதிந்திருந்தால் அது பெரும்பாலும் 1940க்குப் பிந்தியது; அத்தகைய போத்தலுக்கு மங்கனீசுக் கதை பொருந்தவே பொருந்தாது.

கோலிக்குண்டுச் சோடாப் போத்தலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதையும் இதே கடைகளில் காட்டுவார்கள். ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. இந்தியாவில் பின்னாளிலும் அதே வடிவில் போத்தல் செய்து சோடா விற்றார்கள். எனவே குண்டு உள்ளே இருக்கிறது என்பதே பழைமைக்குச் சான்றாகாது.

கேள்வி: மண்ணிலிருந்து எடுத்த போத்தலின் உள்ளே வெண்படலம் படிந்திருக்கிறது. எப்படிக் கழுவுவது?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் ஊறவையுங்கள். பிறகு ஒரு பிடி அரிசியும் சிறிது நீரும் உள்ளே இட்டுக் குலுக்குங்கள். மணலைப் போடாதீர்கள், கீறும். நுவரெலியா, ஹப்புத்தளைக் குளிரில் இரவெல்லாம் கிடந்த போத்தலில் காலையில் கொதிநீரை ஊற்றினால் வெடித்துவிடும். இப்படிப் போன நல்ல போத்தல்கள் பல. சுண்ணாம்புக் கறை என்றால் வினாகிரியில் ஊறவைத்தால் போகும். அதற்கும் அசையாத படலம் அழுக்கல்ல. ஈர மண்ணில் நெடுங்காலம் கிடந்ததால் கண்ணாடியிலுள்ள காரப்பொருள் கசிந்து வெளியேறி, மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை வீட்டில் மாற்ற முடியாது. உள்ளே எண்ணெய் பூசினால் தற்காலிகமாக மறையும் என்பதை விற்பவர்கள் நன்றாக அறிவார்கள். வாங்கும்போது விரலை வாய்க்குள் விட்டுத் தடவிப் பாருங்கள்.

நஞ்சுப் போத்தலிலோ மருந்துப் போத்தலிலோ தூளும் பிசினும் எஞ்சியிருந்தால், அரிசியை மறந்துவிட்டுக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மருந்துகளில் பாதரசமும் ஆர்செனிக்கும் சாதாரணம்.

கேள்வி: இப்படித் தோண்டியெடுத்து வைத்திருப்பது சட்டப்படி குற்றமாகுமா?
– வாசகர், பதுளை

பதில்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருட்களையே தொல்பொருள் என்று வரையறுக்கிறது. இயந்திரப் போத்தல் எதுவும் அந்தத் திகதிக்கு அருகில்கூட வராது. ஆனால் பொருள் குற்றமற்றது என்பதற்காகத் தோண்டுவதும் குற்றமற்றதாகிவிடாது. தொல்பொருள் ஒதுக்கிடங்களில் மண்வெட்டியை வைக்கவே கூடாது. தோட்டக் காணியில் நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்டுத்தான் தோண்ட வேண்டும். மண்சரிவு அபாயம் உள்ள சரிவுகளில் எந்தப் போத்தலுக்காகவும் குழி தோண்டாதீர்கள். பங்களாக்களின் குப்பை பெரும்பாலும் சரிவின் ஓரத்தில்தான் கொட்டப்பட்டது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான், அதிகச் செலவில்லாமல் போத்தல் சேர்க்க ஆசைப்படுகிறான். எதில் தொடங்கலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: மைப் போத்தல். சிறியது, இடம் பிடிக்காது, அநேகமாக எல்லாமே இயந்திரத்தில் செய்தவை, ஆகவே மலிவு. ‘குயின்க்’ மையை பார்க்கர் கம்பனி 1931இல் அறிமுகப்படுத்தியது என்பது போன்ற திடமான ஆண்டுகளும் கையில் இருப்பதால் வரிசைப்படுத்துவது எளிது. அவனுக்கு இரண்டு விடயங்களை மட்டும் பழக்கிவிடுங்கள். கழுவிய போத்தல்களை முற்றத்தில் திறந்து வைக்காமல் கவிழ்த்தோ மூடியோ வைக்க வேண்டும். மழை நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். ஒவ்வொரு போத்தலும் எந்தத் தோட்டத்தில், எந்த இடத்தில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி, அதே இலக்கத்தைச் சிறு துண்டுக் காகிதத்திலும் எழுதிப் போத்தலின் உள்ளே போட வேண்டும். கண்ணாடியின் மேல் ஒட்டவோ எழுதவோ வேண்டாம்.