கணினிக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஏற்காட்டில் காப்பிக் கொட்டை உலர்த்தும் செவ்வகக் களம். மூலைவிட்டம் 25 மீட்டர், பரப்பு 300 சதுர மீட்டர். நீளம், அகலம் காண நியூட்டன் முறையை (ஊகித்த எண்களில் தொடங்கி, விடையை நோக்கிப் படிப்படியாகத் திருத்தும் வழி) பைத்தானில் எழுதினேன். (10, 20) என்று தொடங்கினால் 15, 20 வருகிறது. (-10, -20) கொடுத்தால் மைனஸில் வருகிறது. (1, 1) கொடுத்தால் 'சிங்குலர் மேட்ரிக்ஸ்' என்று நின்றுவிடுகிறது. எல்லா விடைகளையும் பெறுவது எப்படி?
- வாசகர், ஏற்காடு

பதில்: நிரல் சரிதான். உங்கள் சமன்பாடுகள்: நீளம்² + அகலம்² = 625, நீளம்×அகலம் = 300. ஒவ்வொரு திருத்தத்துக்கும் நியூட்டன் பயன்படுத்தும் ஜேகோபியன் அணியின் (இச்சமன்பாடுகளின் வகைக்கெழுக்கள் அடங்கியது) முதல் வரிசை (2×நீளம், 2×அகலம்), அடுத்தது (அகலம், நீளம்). நீளமும் அகலமும் சமமானால் கீழ் வரிசை மேல் வரிசையில் பாதி, அணிக்கோவை பூஜ்யம்; நேர்மாறு காண முடியாது. 'சிங்குலர்' என்பது இதைத்தான். (5, 5) கொடுத்தாலும் இதே கதிதான்.

முதல் சமன்பாட்டுடன் இரண்டாவதின் இருமடங்கைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் (நீளம்+அகலம்)² = 1225, (நீளம்−அகலம்)² = 25. ஆக கூட்டல் ±35, கழித்தல் ±5. மொத்தம் 4 விடைகள். தொடக்கப் புள்ளியின் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் என்ன குறியோ, அந்தக் குறியுள்ள விடையிலேயே நியூட்டன் போய் நிற்கும்.

எல்லாக் கணக்கும் இப்படி எளிதில் பிரியாது. அதற்குத்தான் ஹோமோடோபி முறை. சமன்பாடுகளின் படிகளைப் பெருக்குங்கள் (இரண்டுமே இருபடி): 2×2 = 4. இது பெசூ எல்லை. தனித்தனி விடைகள் இதை மீறாது. நீளம்² = 1, அகலம்² = 1 என்ற, விடை தெரிந்த தொகுதியில் தொடங்கி, சிறிது சிறிதாக உங்கள் தொகுதியாக மாற்றியபடி 4 பாதைகளையும் தொடர வேண்டும். தொடக்கத் தொகுதியை குருட்டாம்போக்கில் எடுத்த ஒரு சிக்கலெண்ணால் (கற்பனைப் பகுதியும் உள்ள எண்) பெருக்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் நடுவழியில் பாதைகள் மோதிக்கொள்ளலாம். பெர்டினி, பிஎச்சிபேக், ஜூலியா நிரல்மொழியின் ஹோமோடோபி கன்டினுவேஷன் ஆகிய மென்பொருள்கள் எல்லாம் இதைத் தாமே செய்யும். மைனஸ் விடைகளைத் தள்ளுவது மட்டும் உங்கள் வேலை.

இருபடிச் சமன்பாடுகள் 10 என்றால் 1024 பாதைகள். 20 என்றால் 10 லட்சத்தைத் தாண்டும். பல பாதைகள் முடிவிலிக்கு ஓடி வீணாகலாம். அப்போது பாலிஹெட்ரல் தொடக்கத்தை (சமன்பாடுகளில் உண்மையில் உள்ள உறுப்புகளைப் பார்த்துப் பாதைகளைக் குறைப்பது) பயன்படுத்துங்கள். ஜூலியா தொகுப்பில் இயல்பிலேயே அதுதான்.

கேள்வி: அதே மாதிரிக் களம், மூலைவிட்டமும் 25தான். பத்திரப்படி பரப்பு 313. விடை எல்லாமே சிக்கலெண்ணாக வருகிறதே?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: 25 மீட்டர் மூலைவிட்டமுள்ள செவ்வகத்துக்கு அதிகபட்சப் பரப்பே 312.5தான். அது சதுரம், பக்கம் 17.678 மீட்டர். களத்தின் மூலை செங்கோணமாக இல்லாமல், நீங்கள் குட்டையான மூலைவிட்டத்தை அளந்திருக்கலாம். மற்றதையும் டேப் பிடித்துப் பாருங்கள்.

312.5 என்றே கொடுத்தால் வேறு தொல்லை. விடைகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும்; நியூட்டன் ஒவ்வொரு சுற்றிலும் பிழையைப் பாதியாகத்தான் குறைக்கும்; கணினி தரும் 16 இலக்கங்களில் ஏறக்குறைய 8 மட்டுமே நம்பத்தக்கவை. சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்த்தால் மிச்சம் பூஜ்யம் போலத் தெரியும். அதை வைத்து மீதி இலக்கங்களை நம்ப வேண்டாம்.