செவலையை யாரிடம் விட்டுச் செல்வேன்?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 59. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மதுரை ஒத்தக்கடையில் வசிக்கிறேன். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். கார்த்திகைக் கடைசியில் அவளுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. ஆனால், இரத்த அழுத்தம் ஏறியிருப்பதால் பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான்தான் அங்கே போய் நாற்பது நாட்களாவது இருக்க வேண்டும். இன்னும் பதினொரு வாரங்கள்தான் இருக்கின்றன.

எங்கள் நாய் செவலைக்கு ஆறு வயது. மழைக்கு டீக்கடை பெஞ்சின் அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் கணவர் சட்டைக்குள் பொதிந்து தூக்கி வந்தார். நெஞ்சுவலியோடு அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய இரவு, நரசிங்கம் சாலை முனை வரை அது பின்னாலேயே ஓடி வந்தது. அன்றிலிருந்து என்னைத் தனியே விடுவதில்லை. ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தை நான் தொட்டாலே அதற்கு எச்சில் ஒழுகத் தொடங்கிவிடும். பூட்டிவிட்டுப் போனால் தெருவே கேட்கும்படி ஊளையிடும். வாசல் கதவின் கீழ்ப்பலகை முழுவதும் நகக்கீறல்.

மாசியில் ஒரு திருமணத்துக்காக மூன்று நாட்கள் நாய்க் காப்பகம் ஒன்றில் விட்டேன். கூண்டுக் கம்பியைக் கடித்தும் பிறாண்டியும் மூக்கின் மேல்தோல் உரிந்து, இரண்டு நகங்கள் பிய்ந்திருந்தன. "ரெண்டு நாள் கத்தித் தீர்த்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது" என்றார்கள். என்னைக் கண்டும் அது குரைக்கவில்லை. வால் மட்டும் ஒரு முறை அசைந்தது. அந்தக் காட்சி இன்னும் என்னை உறங்கவிடவில்லை.

மருமகனுக்கு நாய் முடி பட்டால் மூச்சிரைக்கும், அதனால் உடன் அழைத்துப் போக வழியில்லை. "தெருநாய்தானே, எங்காவது விட்டுவிடு" என்கிறான் என் தம்பி. மகளோ, "அம்மா, உனக்கு நான் முக்கியமா, நாய் முக்கியமா?" என்று கேட்டுவிட்டாள். நானும் இப்போது எங்கும் போவதில்லை. கணவரோடு சனிக்கிழமைதோறும் போய்வந்த நரசிங்கம் கோயிலுக்குக்கூடப் போய் வெகு நாளாகிறது. ஒரு நாள் மட்டும் வங்கியில் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பதறிக்கொண்டு திரும்பினால், பாத்திரம் துலக்க வரும் அம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, செவலை அவர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அது ஏதோ அதிசயம். மற்றபடி எனக்கு வழி தெரியவில்லை.

— வாசகி, ஒத்தக்கடை

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் அதிசயம் என்று ஒதுக்கிவிட்ட அந்த வெங்காயம் உரித்த நாளில்தான் வழி இருக்கிறது. சில நாய்களுக்குக் குறிப்பிட்ட ஒரே ஆளைப் பிரிவதுதான் பயம், வேறு யார் இருந்தாலும் ஆறாது. வேறு சில நாய்களுக்குத் தனிமைதான் பயம், நம்பிக்கையான ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தால் போதும். செவலை இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது. உறுதி செய்துகொள்வது எளிது. அந்த அம்மாளை வீட்டில் இருக்கச் சொல்லி நீங்கள் அரை மணி நேரம் வெளியே போங்கள். செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள். இந்தப் பதற்றம் பெரும்பாலும் ஆள் வெளியேறிய முதல் அரை மணிக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். மூன்று நான்கு நாட்கள் இப்படிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அது தெளிந்துவிட்டால் நீங்கள் தேட வேண்டியது காப்பகத்தை அல்ல, உங்கள் வீட்டில் வந்து தங்கக்கூடிய ஓர் ஆளை. பீதியில் இருக்கும் நாயைக் கூண்டில் அடைத்தால் பீதி கூடத்தான் செய்யும். மாசியில் நடந்தது அதுதான். அறியாமல் செய்தீர்கள். அதற்காக இத்தனை மாதங்கள் உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டது போதும்.

"மூன்றாம் நாள் பழகிவிட்டது" என்று அவர்கள் சொன்னதைப் படித்தபோது எனக்கு ஜான் பௌல்பியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும் நினைவுக்கு வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், பெற்றோரைப் பிரித்து மருத்துவமனையில் வைக்கப்பட்ட சிறு குழந்தைகளைக் கவனித்தவர்கள் அவர்கள். குழந்தை முதலில் அழுது போராடும். பிறகு ஓய்ந்து சுருண்டுவிடும். அந்த மௌனத்தைத்தான் செவிலியர் "பழகிவிட்டது" என்று எண்ணினார்கள். அது நம்பிக்கை இற்றுப்போன மௌனம் என்று அந்த இருவரும் எடுத்துக் காட்டினார்கள். நாயும் குழந்தையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு முறை மட்டும் அசைந்த அந்த வாலை நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

நான் மனிதர்களுக்கான ஆலோசகர். ஆகவே இந்த வாரமே தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, நீங்கள் நம்பும் வேறொரு மருத்துவரிடமோ செவலையை அழைத்துச் சென்று, எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். பிரிவுப் பதற்றத்துக்கு மருந்து உண்டு. ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையை இதற்கென்றே நாய்களுக்குத் தர அமெரிக்கா 2007-இல் அனுமதித்தது. அது வேலை செய்ய நான்கு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம் கேட்டால் பயனில்லை. மனிதருக்கு எழுதித் தந்த மாத்திரையை அளவு தெரியாமல் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

மருந்து பாதி, பழக்கம் பாதி. சாவிக்கொத்தை எடுங்கள், ஆனால் போகாதீர்கள். மடியில் போட்டுக்கொண்டு முருங்கைக்கீரை ஆயுங்கள். மறுபடி ஆணியில் மாட்டுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை. சாவி என்றால் பிரிவு என்று அதன் மனத்தில் விழுந்திருக்கும் முடிச்சு அப்படித்தான் தளரும். எச்சில் ஒழுகுவது நின்ற பிறகு, வாசலைத் தாண்டி ஐந்து விநாடி நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். அடுத்து பதினைந்து விநாடி, அரை நிமிடம். செவலை கலங்குவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும், அது முக்கியம். கலங்கினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். மறுநாள் நேரத்தைக் குறையுங்கள். அதட்டாதீர்கள். கதவைக் கீறியது பழிவாங்க அல்ல. இந்தப் பயிற்சி முடியும் வரை உண்மையாகவே கடைக்குப் போக வேண்டியிருந்தால், அந்த அம்மாளோ பக்கத்து வீட்டாரோ துணைக்கு இருக்கட்டும்.

அந்த அம்மாளிடம் இப்போதே பேசுங்கள். நாற்பது நாட்கள் இரவு தங்க அவருக்கு வசதிப்படுமா, குடும்பம் ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். உரிய சம்பளத்தைத் தாராளமாகவே சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் செவலை அறிந்த இன்னொருவர். சம்மதித்தால் இந்த மாதத்திலிருந்தே ஒரு வேளைச் சோற்றை அவர் கையால் வைக்கட்டும். ஐப்பசியில் ஓர் இரவு உங்கள் தம்பி வீட்டில் போய்ப் படுங்கள், பிறகு இரண்டு இரவு. தீபாவளி வாரத்தில் மட்டும் வேண்டாம். வெடிச்சத்தத்தையும் பிரிவையும் ஒரே இரவில் அதன் தலையில் ஏற்றக்கூடாது. கிளம்பும்போது நீங்கள் கட்டிய பருத்திச் சேலை ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் விரித்துவிட்டுப் போங்கள்.

பதினொரு வாரத்தில் முழுவதும் சரியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தேவைப்பட்டால் நாற்பது நாட்களை இரண்டாகப் பிரியுங்கள். பிரசவத்தையொட்டி மூன்று வாரம், நடுவில் சம்பந்தியம்மாள் பார்த்துக்கொள்ள நான்கு நாட்கள் இங்கே, மறுபடி அங்கே.

மகளின் கேள்வி உங்களைக் குத்தியிருக்கும். ஆனால் அந்த ஆம்புலன்ஸ் இரவில் அவளும்தான் தந்தையை இழந்தாள். பிரசவ அறையின் வாசலில் அம்மா இருப்பாளா என்பதுதான் அவள் கேட்டது. அதற்குப் பதில் சொல்லுங்கள். இன்றே டிக்கெட் எடுத்து, அதைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்புங்கள். தேதி உறுதி என்று தெரிந்த பிறகு செவலையைப் பற்றிப் பேசினால் அவள் காது கொடுப்பாள். அப்பா சட்டைக்குள் பொதிந்து வந்த குட்டி அவளுக்கும் வேண்டாததா என்ன?

இன்னொன்று. பயிற்சியில் ஐந்து நிமிடம் தாண்டியதும், நீங்கள் வெளியே எங்காவது நின்றாக வேண்டும். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊளை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நரசிங்கம் சாலையில் நடங்கள். முதல் வாரம் தெருமுனை வரை. பிறகு அந்தச் சாலை முனை வரை. அந்த இடத்தில் கண் கலங்கினால் கலங்கட்டும், நின்று அழுதுவிட்டுத் திரும்புங்கள். நேரம் கூடக் கூட யானைமலையை ஒட்டியே போனால் ஒரு சனிக்கிழமை கோயில் குளத்துப் படிக்கட்டு வந்துவிடும். வீட்டில் இன்னொரு செல்போனை வீடியோ அழைப்பில் வைத்துவிட்டு வந்து, அங்கே உட்கார்ந்து உங்கள் செல்போனில் பாருங்கள். செவலை படுத்திருக்கிறதா, காதைத் தூக்கியிருக்கிறதா, எனக்கு எழுதுங்கள்.