பழைய எஞ்சினுக்கு வேறு பிளாக்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் முப்பது ஆண்டுகளைக் கடந்த நான்கு சிலிண்டர் டீசல் வாகனம் உள்ளது. புகையும் ஆயில் செலவும் அதிகமானதால் எஞ்சினைப் பிரித்தோம். ஏற்கெனவே இரண்டு முறை போர் போடப்பட்டு (அதாவது சிலிண்டர்களைக் குடைந்து அகலமாக்கி), தொழிற்சாலை அளவைவிட 0.50 மி.மீ. கூடுதலான ஓவர்சைஸில் இருப்பதால், சிலிண்டர்கள் அடங்கிய எஞ்சின் உடலான பிளாக் முடிந்துவிட்டது என்கிறார் பட்டறைக்காரர். அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் போர் போட்டுத் தயாராக வைத்த பிளாக் ஒன்று இருக்கிறதாம். அதே மாடல்தான், அப்படியே பொருத்திவிடலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் பிளாக் முடிந்துவிட்டது என்ற தீர்ப்பு இருக்கிறதே தவிர, அதற்கு ஆதாரமாக ஓர் அளவுகூட இல்லை. 0.50 என்பது முன்பு எவ்வளவு குடைந்தார்கள் என்ற வரலாறுதான். இப்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் தயாரிக்கப்பட்டவை. உங்கள் எஞ்சினுக்கு எந்தப் படி வரை அனுமதி உண்டு என்பதை அதன் சர்வீஸ் கையேடு சொல்லும். மூன்றாவது படிக்கு அனுமதி இருக்கிறதா, அந்தப் பிஸ்டன் இன்றும் கிடைக்கிறதா என்ற இரண்டையும் விசாரிக்காமல் பிளாக்கை ஒதுக்குவது, நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கைவிரிப்பதற்குச் சமம்.

அளப்பது பெரிய வித்தையல்ல. சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் டயல் போர் கேஜ் வைத்திருக்கும் லேத் பட்டறையில், ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் கிராங்கின் (பிஸ்டன்களால் சுழலும் தண்டின்) நீளவாக்கிலும் அதற்குக் குறுக்காகவும் அளக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டருக்கு 24 எண்கள் வரும். அவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிஸ்டனின் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் வாயு அழுத்தம் மிக அதிகம், ஆயில் படலம் மிகக் குறைவு. ஆகவே தேய்மானமும் அங்கேதான் உச்சத்தில் இருக்கும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.10 மி.மீ.யை எட்டிவிட்டால், புது ரிங் மட்டும் போட்டுச் சமாளிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

இதில் ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனியுங்கள். தேய்மானம் 0.15 மி.மீ. என்று வந்தால் 0.75 படிக்கு இன்னும் 0.10 மிச்சம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தத் தேய்மானம் முழுவதும் பிஸ்டன் சாயும் ஒரே பக்கத்தில் இருந்தால், பழைய மையத்தை விட்டு விலகாமல் குடைந்து அந்தப் பள்ளத்தை நீக்க, விட்டத்தில் 0.30 மி.மீ. எடுத்தாக வேண்டும். அப்போது 0.75 போதாது, 1.00 படிக்குப் போக வேண்டியிருக்கும். மையத்தை ஓரமாக நகர்த்திக் குடைந்து 0.75-க்குள் முடித்துத் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், அவரிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

படிகளெல்லாம் தீர்ந்துபோனாலும் ஸ்லீவ் என்றொரு வழி இருக்கிறது. சிலிண்டரை அகலமாகக் குடைந்து, வார்ப்பிரும்பு ஸ்லீவை இறுக்கமாக அழுத்தி ஏற்றி, அதன் உட்புறத்தை மீண்டும் ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவருவார்கள். அரிதான ஓவர்சைஸ் பிஸ்டனைத் தேடி அலைவதைவிட, பெரும்பாலும் எளிதாகக் கிடைக்கும் ஸ்டாண்டர்டு பிஸ்டனுக்குத் திரும்புவது பல நேரங்களில் நல்ல முடிவு. சிலிண்டர் சுவர் அதற்கு இடம் கொடுக்குமா என்பதை அல்ட்ராசோனிக் தடிமன்மானியால் முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஆகவே ஓவர்சைஸ் ஒன்றையே காரணம் காட்டிப் பிளாக்கைத் தூக்கிப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

வெடிப்பு வேறு விஷயம். அளவெடுப்பதோடு, பிளாக்கைக் கழுவி, நீர்ப் பாதைகளை அடைத்து, அழுத்தச் சோதனையும் செய்யுங்கள். சிலிண்டருக்கும் நீர்ப் பாதைக்கும் இடையிலான சுவர், ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியை) இறுக்கும் போல்ட் துளைகளின் ஓரம், கிராங்க் சுழலும் மெயின் பேரிங்கைத் தாங்கும் குறுக்குச் சுவர் ஆகியவை சந்தேகத்துக்குரிய இடங்கள். போர் போட்டுக் காசைக் கரைத்த பிறகு வெடிப்பைக் கண்டுபிடிப்பதில் யாருக்கும் லாபமில்லை, பட்டறைக்காரரைத் தவிர.

உங்கள் பிளாக்கை உண்மையிலேயே கைவிட வேண்டிய நிலை ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் துளைகள் அனைத்தும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். ஆயில் வறண்டு, துளைக்குள் உட்காரும் மெல்லிய உலோக வளையமான பேரிங் ஷெல் தன் இடத்தைவிட்டு உருண்டிருந்தாலோ, கிராங்க் முறிந்திருந்தாலோ அந்த வரிசை கெட்டிருக்கலாம். துளைகளின் கீழ்ப்பாதியாகப் பூட்டப்படும் மெயின் கேப்களின் முகத்தைச் சிறிது இழைத்து, திரும்பப் பூட்டி, எல்லாத் துளைகளையும் ஒரே ஓட்டத்தில் குடைந்து நேராக்கும் லைன் போரிங் இதற்கு மருந்துதான். ஆனால் அப்படிக் குடையும்போது பிளாக் பக்கமும் கொஞ்சம் உலோகம் போகும், கிராங்க் அந்த அளவுக்கு மேலே ஏறும். டைமிங் செயின் உள்ள எஞ்சினில் செயின் தளரும். டைமிங் கியர் உள்ள எஞ்சினில் பற்கள் நெருக்கிப் பிடித்து ஊளையிடும். டீசலில் பிஸ்டன் தலையும் ஹெட்டை நோக்கி உயரும். மிகச் சிறிய திருத்தமென்றால் சமாளிக்கலாம். பேரிங் உருண்ட இடம் நீலமேறிக் கறுத்திருந்தாலோ, குறுக்குச் சுவரில் வெடிப்புத் தெரிந்தாலோ, லைன் போரிங்குக்குச் செலவழிக்காதீர்கள். அந்த நிலையில்தான் வேறு பிளாக் என்ற பேச்சு நியாயமாகிறது.

இனி அந்தத் ‘தயார்’ பிளாக்குக்கு வருகிறேன். எனக்குப் புதுப் பெயிண்டைக் கண்டாலே சந்தேகம்தான். பெயிண்டுக்கு அடியில் மெட்டல் பட்டி பூசிய வெடிப்பு இருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பளபளக்கும் குறுக்குக் கோடுகளைக் காட்டி, போர் போட்டாயிற்று என்பார்கள். கைத் துளைப்பானில் ஹோனிங் கல்லை (சிலிண்டர் சுவரை உரசி மெருகேற்றும் கல்லை) மாட்டினால் அந்தக் கோடுகள் சில நிமிடங்களில் வந்துவிடும். தேய்மானம் அப்படியே இருக்கும். தவிர, உங்கள் பிஸ்டனைப் பார்க்காமலேயே எந்த அளவுக்குக் குடைந்தார்களாம்? ரீகண்டிஷன் என்ற சொல்லுக்கு இந்த வியாபாரத்தில் ஆளுக்கு ஓர் அர்த்தம். துடைத்து ஆயில் தடவியதையும் அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள், கேட்பாரில்லை.

அடுத்து மெயின் கேப்கள். தொழிற்சாலையில் கேப்களைப் பூட்டிய பிறகுதான் மெயின் துளைகளைக் குடைகிறார்கள். ஆகவே ஒரு பிளாக்கின் கேப் இன்னொன்றுக்குச் சேராது. அதே பிளாக்கிலும் இடம் மாற்றவோ திருப்பிப் போடவோ கூடாது. கேப் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் புரோக்கரிடம் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. அதே மாடல் என்ற உறுதிமொழியும் போதாது. பிளாக்கில் புடைத்து நிற்கும் வார்ப்பு எண்ணை உங்கள் பிளாக்கோடு ஒப்பிடுங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் மெயின் பேரிங் விட்டம், மவுண்ட் துளைகள், ஸ்டார்ட்டர் இருக்கும் பக்கம் ஆகியவை தயாரிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம்.

வெட்டிப் பொறித்த எஞ்சின் எண் வேறு. பழைய எண்ணை அரைத்துவிட்டு உங்கள் எண்ணை அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மாட்டிக்கொள்ளப் போவது வாகன உரிமையாளரான நீங்கள்தான். முறைப்படி எண் மாற்றத்தைப் பதிவு செய்யப் போனாலோ, பழைய பிளாக் என்ன ஆனது, புதியது யாருடையது, ரசீது எங்கே என்று மேசைக்கு மேசை அனுப்புவார்கள். நேர்மையாக நடப்பவனை அலையவிட்டு, எண் அடிப்பவனை நிம்மதியாக விட்டிருக்கும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் ஒருநாளாவது அந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டும். சொந்தப் பிளாக்கையே காப்பாற்றுங்கள் என்று நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம். சில எஞ்சின்களில் அந்த எண் ஹெட் உட்காரும் முகத்தின் ஓரத்திலேயே இருக்கும். முகத்தை இழைக்கக் கொடுக்கும் முன் எண் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

வாங்கியே தீர வேண்டுமென்றால், பெயிண்ட் அடிக்காத, இன்னும் குடையாத, பழைய அழுக்கோடு கேப்கள் அனைத்தும் பூட்டியிருக்கும் பிளாக்கைத் தேடுங்கள். ஸ்டாண்டர்டு அளவில் கிடைத்தால் நல்லது. அழுத்தச் சோதனையில் தோற்றால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று விற்பவர் ரசீதில் எழுதித் தர வேண்டும். எழுத மறுப்பவருக்குப் பெரும்பாலும் முடிவு முன்பே தெரிந்திருக்கும்.

எந்தப் பிளாக்கானாலும், நான்கு பிஸ்டன்களும் கைக்கு வந்து சேரும்வரை லேத்தில் குடைய விடாதீர்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, கையேடு சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்தந்தச் சிலிண்டரை அதற்கேற்பக் குடைய வேண்டும். எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்பதையும் குறித்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஆயில் பாதைகளின் அடைப்புத் திருகுகளைக் கழற்றி, உள்ளே பிரஷ் விட்டு, சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஹோனிங் தூள் இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும்.