தாத்தாவையும் பாட்டியையும் ஒரே படத்தில் சேர்க்கலாமா? சுங்கை சிப்புட் போட்டோ கடையிலிருந்து கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் போட்டோ கடை வைத்திருக்கிறேன். இருட்டறையில் கழுவிப் பழகிய கை, இப்போது கணினியில் படம் ஒட்டுகிறது. லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்தவர்கள் பிஸ்கட் டின்னில் பழைய படங்களைப் போட்டுக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். பல படங்களை ஒன்றாக்குவது பற்றி அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, தாத்தாவுக்கு ஐசி (அடையாள அட்டை) படம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ஸ்டாம்ப் அளவு. பாட்டி ஒரு கல்யாண குரூப் படத்தில் நிற்கிறார். இருவரையும் சேர்த்து 8R அளவில் மாட்ட முடியுமா?

முடியும் தங்கச்சி. என்னிடம் அதிகம் வருவது இந்த வேலைதான். 1948 ஜூன் 16இல் நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். கடைக்கு வரும் பல குடும்பங்களில் பெரியவர்களின் மிகப் பழைய படம் அந்த அட்டைக்காக எடுத்ததுதான். அதனால் அந்தச் சின்னப் படத்தைப் பத்திரமாகக் கையாளுங்கள்.

முதலில் ஸ்கேன். போனில் எடுக்காதீர்கள், விளக்கு பளபளக்கும், ஓரம் கோணும். ஓர் அங்குல அகலப் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1200 பிக்சல் அகலம் கிடைக்கும். 300 டிபிஐயில் அச்சிடும்போது அது நான்கு அங்குலம். 8R என்பது எட்டுக்குப் பத்து அங்குலம், அதாவது 2400க்கு 3000 பிக்சல். ஆக, தாத்தா பாதி அகலத்துக்குச் சரியாக வருவார். அதற்கு மேல் இழுத்தால் காகிதத்தின் நார்தான் பெரிதாகும், முகம் தெளியாது.

அடுத்தது வெளிச்சம். வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு படத்திலும் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். தாத்தாவுக்கு இடப்பக்கமும் பாட்டிக்கு வலப்பக்கமும் விழுந்தால், எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் கண் ஒப்புக்கொள்ளாது. ஒருவரைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடலாம் என்று தோன்றும். பாட்டியைத் திருப்பாதீர்கள்! முந்தானை தோள் மாறிவிடும், மூக்குத்தி பக்கம் மாறிவிடும். வேறு யாருக்கும் தெரியாமல் போகலாம், பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியும். தாத்தாவைத் திருப்புவதானாலும் சட்டைப் பொத்தான், வகிடு, மச்சம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறப் பிரச்சினைக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு படம் மஞ்சளித்திருக்கும், இன்னொன்று சிவந்திருக்கும். இரண்டையும் முதலில் கறுப்பு வெள்ளையாக்குங்கள். கருமையையும் வெளுப்பையும் 'கர்வ்ஸ்' (வெளிச்ச அளவை மாற்றும் கருவி) கொண்டு சமப்படுத்துங்கள். பிறகு பழுப்பு வேண்டுமானால் இருவருக்கும் மேலே ஒரே லேயராக (படத்தின் மேல் அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது) போடுங்கள்.

கூர்மையும் ஒத்துப்போக வேண்டும். மங்கலான படத்தைக் கூர்மையாக்க எல்லோரும் பாடுபடுகிறார்கள். நான் செய்வது தலைகீழ்: தெளிவாக இருக்கும் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, 'நாய்ஸ்' (பொடிப் புள்ளிகள்) சேர்த்து, மற்றதன் மணல் போன்ற புள்ளிகளோடு ஒத்துப்போக வைப்பேன். கடைசியாக உயரம். இருவரில் யார் எவ்வளவு உயரம் என்று அத்தையிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுவிட்டுக் கண்களின் மட்டத்தை வையுங்கள். கணினிக்கு அது தெரியாது.

சார், போட்டோஷாப்புக்கு மாதா மாதம் காசு கட்ட வசதியில்லை. வேறு வழி?

கிம்ப் இலவசம், தரவிறக்கிக்கொள்ளலாம். போட்டோபியா பிரௌசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். லேயர், மாஸ்க் இந்த இரண்டும் இருந்தால் நான் இங்கே சொல்வதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம் தம்பி. போட்டோஷாப்புக்கே 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர் கிடைத்தது.

அங்கிள், மாஸ்க் என்றால் என்ன? நான் அழிப்பானால் அழித்துவிடுகிறேனே.

அழித்தால் போனது போனதுதான் கண்ணு. மாஸ்க் என்பது படத்தின் மேல் போடும் திரை. அதில் கறுப்பு பூசினால் அந்த இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். தவறுதலாகக் காதை வெட்டிவிட்டாலும் வெள்ளைத் தூரிகையால் மீட்டுவிடலாம். இன்றே அழிப்பானை விட்டுவிடு.

அண்ணே, தங்கை கல்யாணத்தில் இருபது பேர் நின்ற குரூப் படம். ஒன்றில் மாமா கண்ணை மூடிக்கொண்டார், அடுத்ததில் குழந்தை திரும்பிவிட்டது.

இது சுலபம். இரண்டு படத்தையும் ஒரே கோப்பில் இரண்டு லேயராகப் போடுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து, போட்டோஷாப்பில் எடிட் மெனுவில் உள்ள 'ஆட்டோ அலைன் லேயர்ஸ்' கொடுத்தால் தலைக்கு மேல் தலை வந்து உட்காரும். மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, மாமா முகத்தில் மட்டும் வெள்ளை பூசுங்கள். கண்ணை மட்டும் மாற்றாமல் கழுத்து வரை முழுத் தலையையும் எடுங்கள். தலை சாய்ந்திருக்கும் கோணம் இரண்டு படத்திலும் ஒன்றாக இருக்காது. இனி குரூப் எடுக்கும்போது, கேமராவை அசைக்காமல் ஐந்தாறு தடவை தட்டச் சொல்லுங்கள்.

ஐயா, எங்கள் லயத்தை இடிக்கப் போகிறார்கள். பெரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்தில்) நின்றால் கோயில், லயம், மாமரம் எல்லாம் ஒரே படத்தில் அடங்கவில்லை.

இன்றைக்கே போய் எடுங்கள். காலையில் போங்கள், மதியத்தில் தகரக் கூரை கண்ணைக் கூசும்.

நின்ற இடத்தை விட்டு நகராமல், போனை நெட்டாகப் பிடித்து, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு படத்தில் வந்ததில் ஏறக்குறைய 40 விழுக்காடு அடுத்த படத்திலும் வர வேண்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வானம் ஒரு படத்தில் வெள்ளையாகவும் இன்னொன்றில் நீலமாகவும் வந்து ஒட்டு தெரியும். பக்கத்தில் வேலிக்கம்பமோ துணிக்கொடியோ இருந்தால் தள்ளி நில்லுங்கள். கேமரா திரும்பும்போது கிட்டத்துப் பொருள் அதிகமாக நகரும், அங்கேதான் இணைப்பு உடையும்.

வீட்டுக்கு வந்து போட்டோஷாப்பில் 'போட்டோமெர்ஜ்' கொடுங்கள், அல்லது இலவசமாகக் கிடைக்கும் ஹுகினைப் பயன்படுத்துங்கள். ஓரங்கள் வளைந்து வரும், கத்தரித்துக்கொள்ளலாம். அதற்காகவே மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். வெறும் கட்டடத்தோடு நிறுத்தாமல், ஆட்களை வாசலில் நிற்கச் சொல்லி இன்னொரு சுற்றும் எடுங்கள். கடைசிப் படம் எடுத்து முடியும்வரை அவர்கள் அசையக் கூடாது, இல்லையென்றால் ஒருவரே இரண்டு வாசலில் நிற்பார்.

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் 48 பேர் படத்தை ஒரே பேனரில் போட வேண்டும். ஆறடிக்கு மூன்றடி.

பேனரைத் தள்ளி நின்று பார்ப்பார்கள், 100 டிபிஐ போதும். அப்படியானால் 7200க்கு 3600 பிக்சல். வரிசைக்கு 12 பேர், நான்கு வரிசை. ஆளுக்கு 600க்கு 720. மேலே பள்ளியின் பெயருக்கு 720 பிக்சல் மிஞ்சும். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும். எல்லோர் கண்ணும் ஒரே மட்டத்தில், முகம் ஒரே அளவில் இருக்கட்டும். தலைமையாசிரியர் ஆனவருக்குப் பெரிய கட்டம், ரப்பர் பால் வெட்டப் போனவருக்குச் சின்னக் கட்டம் என்று மட்டும் செய்துவிடாதீர்கள்.

வெட்டி ஒட்டினால் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறது. அம்மா தலையில் மல்லிகைச் சரம் வேறு.

பழைய பின்னணியின் நிறம் முடியோரத்தில் ஒட்டிக்கொண்டு வருவதுதான் அந்தக் கோடு. மாஸ்கை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே இழுங்கள். மல்லிகையைத் தானியங்கித் தேர்விடம் விடாதீர்கள். வெள்ளைப் பூவையும் வெள்ளைச் சுவரையும் அது ஒன்றாக நினைத்துக்கொள்ளும். பூவைச் சின்னத் தூரிகையால் கையாலேயே பூசுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான் அக்கா, அரை நாள் ஆகும். அப்புறம், காலடியில் நிழல் போட மறக்காதீர்கள். புதிய லேயரை 'மல்டிப்ளை'யில் (கீழே உள்ளதை இருட்டாக்கும் கலப்பு முறையில்) வைத்து மெல்லிய கருமை பூசினால் ஆள் தரையில் நிற்பார்.

இறந்துபோன அப்பாவை என் கல்யாணப் படத்தில் சேர்க்கலாமா? ஏஐ ஒரே நிமிடத்தில் செய்கிறது என்கிறார்கள்.

சேர்க்கலாம் தம்பி. வெவ்வேறு படத்தை ஒன்றாக்குவது நேற்று வந்த பழக்கமில்லை. 1857இலேயே இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படம் செய்தார். ஆனால் எதைச் சேர்க்கிறீர்கள் என்பது முக்கியம்.

என் அம்மா இறந்தபோது எங்களிடம் இருந்தது முகம் மட்டும் தெரியும் ஒரு படம். ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னோம். வாங்கிப் பார்த்தால், அம்மாவின் முகத்தை வேறு யாரோ ஒரு பெண்ணின் உடம்பில் வைத்திருந்தார்கள். பட்டுச்சேலை, நாலு வடம் சங்கிலி, மடியில் வழவழவென்று இரண்டு கை. என் அம்மா பால் வெட்டியவர். கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள், நகக்கண்ணில் கறை. அந்தக் கைகளை எனக்குத் தெரியும். அப்பா அந்தப் படத்தை மாட்டவே விடவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏஐயும் இதைத்தான் செய்கிறது. கொடுத்த முகத்தை வைத்து அது புதிதாக ஒன்றை வரைகிறது. பல்வரிசை, காது, கன்னத்துத் தழும்பு எல்லாம் அதன் இஷ்டம். பின்னணியை நீட்ட, கிழிந்த மூலையை நிரப்ப அதைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். அப்பாவின் முகத்தையும் கைகளையும் அவருடைய சொந்தப் படத்திலிருந்தே எடுங்கள். மார்பளவுப் படம்தான் இருக்கிறதென்றால் அவரைப் பின்வரிசையில் உங்கள் தோளுக்குப் பின்னால் நிறுத்துங்கள், கீழே ஒன்றும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: எந்த எந்தப் படங்கள், எந்த ஆண்டு, யார் சேர்த்தது. உங்கள் அப்பா உங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்தார் என்று பேரப்பிள்ளை நினைத்துக்கொள்ளக் கூடாதல்லவா.

வேலை முடிந்ததும் எப்படிச் சேமிப்பது?

லேயர்களோடு ஒரு பிரதி: போட்டோஷாப்பில் பிஎஸ்டி, கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப். பிரிண்ட் கடைக்கு ஜேபெக் ஒன்று. அதில் லேயர் இருக்காது, திறந்து திறந்து மறுபடி சேமித்தால் தரமும் குறையும். ஸ்கேன் செய்த மூலப் படங்களைத் தனி ஃபோல்டரில் தொடாமல் வையுங்கள். பழைய படங்களையும் திரும்ப வாங்கிக்கொண்டு போங்கள். என் கடை அலமாரியில் வருடக்கணக்காக ஆள் வராத உறைகள் இன்னும் இருக்கின்றன. உங்களுடையதாக இருக்கலாம், வந்து பாருங்கள்.