முதல் பூட்டுத்திறப்புக் கருவி: எதை வாங்குவது, சாரல் காலத்தில் எப்படிக் காப்பது?

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறேன். சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் கலையைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள ஆசை. இணையத்தில் 24 கருவிகள் அடங்கிய செட்டை, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் பயிற்சிப் பூட்டுடன் சேர்த்து விற்கிறார்கள். அதை வாங்கலாமா? ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் ஊரில் இரும்புச் சாமான்கள் சீக்கிரமே துருப்பிடித்துவிடுகின்றன. இவ்வளவு மெல்லிய கருவிகளை எப்படிப் பாதுகாப்பது? பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: 24 கருவிகள் உங்களுக்குத் தேவையில்லை, ஐந்தாறு போதும். ஆனால் அவை எவை என்று சொல்வதற்கு முன், எந்தப் பூட்டில் பழகப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்தாக வேண்டும். பூட்டைப் பார்த்துத்தான் கருவி வாங்க வேண்டுமே தவிர, கருவியை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ற பூட்டைத் தேடக் கூடாது.

இணையத்தில் கிடைக்கும் செட்கள் ஏறத்தாழ அனைத்தும் பின் (pin) பூட்டுக்காக, அதாவது ஸ்பிரிங் தள்ளும் சிறு உலோகக் குச்சிகள் உள் உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கும் பூட்டுக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1860-களில் காப்புரிமை பெற்ற அந்த அமைப்புதான், இன்று நம் வீட்டுக் கதவுகளில் பொருத்தப்படும் சிலிண்டர்களிலும் (சாவி நுழையும் பூட்டுப் பகுதி) சிறிய பித்தளைப் பூட்டுகள் பலவற்றிலும் இருக்கிறது. ஆனால் கடை ஷட்டரிலும் பழைய வாசற்கதவிலும் தொங்குகிற கனமான பூட்டுகளில் பல லீவர் பூட்டுகள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் லீவர் அமைப்புக்குத்தான் பெயர்பெற்றது. அதனுள் பின்கள் கிடையாது, தகடுகள்தாம் அடுக்கப்பட்டிருக்கும். பின் பூட்டுக்கான கருவியை அதற்குள் விட்டு எவ்வளவு நேரம் துழாவினாலும் கருவி வளையுமே ஒழியப் பூட்டு அசையாது. செட் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே வெறுத்துப்போய் மூலையில் போடுவதற்குக் காரணம், வீட்டில் கைக்குக் கிடைத்த பூட்டு லீவர் பூட்டாக இருந்துவிடுவதுதான்.

வேறுபாட்டைச் சாவியைப் பார்த்தே அறியலாம். உருண்டைத் தண்டின் நுனியில் கொடிபோல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தால் அது லீவர் பூட்டின் சாவி. தட்டையான சாவியின் ஒரு விளிம்பில் மட்டும் ரம்பம் போன்ற மேடுபள்ளங்கள் இருந்தால் அது பெரும்பாலும் பின் பூட்டினுடையது. சாவியின் தட்டைப் பரப்பில் வட்டக் குழிகள் இருப்பதைக் கடைகளில் கம்ப்யூட்டர் சாவி என்பார்கள். அதுவும் பின் பூட்டுதான் என்றாலும் அதற்கு வேறு வடிவக் கருவிகள் வேண்டும் என்பதால் இப்போதைக்கு அதன் பக்கம் போக வேண்டாம்.

நீங்கள் ஹார்டுவேர் கடையில் இருப்பது இதற்குப் பெரிய வசதி. இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்துவிட்டது என்று அஞ்சிச் சிலிண்டரை மாற்றுகிறவர்கள், பழைய சிலிண்டரை மிச்சச் சாவியோடு கடையிலேயே விட்டுப் போவதுண்டு. அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்த பயிற்சிப் பூட்டு விலைக்குக் கிடைக்காது. உள்ளே வழக்கமாக 5 அல்லது 6 பின்கள் இருக்கும். பிரித்து, 2 பின்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றையும் அவற்றின் ஸ்பிரிங்குகளையும் ஒரு சிமிழில் எடுத்துவைத்துவிட்டு, அந்த 2 பின்களோடு பழகுங்கள். கை படிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பிரிக்கும்போது ஒரு பெரிய தட்டுக்குள் வைத்துப் பிரிப்பது அவசியம், ஏனெனில் தெறித்து ஓடும் ஸ்பிரிங்கைத் தரையில் தேடிக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. செட்டோடு வரும் கண்ணாடி போன்ற பூட்டு, உள்ளே நடப்பதை ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துப் புரிந்துகொள்ள உதவும். அதற்கு மேல் அதில் பழகினால் கண்ணை நம்பும் பழக்கம் வந்துவிடும். இந்தக் கலையில் கண்ணுக்கு வேலை இல்லை, விரல்தான் பார்க்க வேண்டும்.

இனி கருவிக்கு வருவோம். பின் பூட்டின் உள் உருளையைச் சாவித்துளையின் வழியாக மிக இலேசாகத் திருப்பிப் பிடித்தால், துளைகள் ஒன்றுக்கொன்று அணுவளவும் பிசகாமல் நேர்கோட்டில் அமைவதில்லை என்பதால், பின்கள் அனைத்தும் ஒரே சமயத்தில் இறுகாமல் ஏதாவது ஒன்று மட்டும் முதலில் இறுகும். அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து மெல்ல உயர்த்தினால், உரிய உயரத்தில் நுண்ணிய ஒரு சொடுக்கு விரலுக்குத் தெரியும். உருளை மயிரிழை திரும்பும். உடனே அடுத்த பின் இறுகும். ஆகவே உங்களுக்கு வேண்டியவை இரண்டு வகைக் கருவிகள்: திருப்பிப் பிடிப்பதற்கு டென்ஷன் ரெஞ்ச், உயர்த்துவதற்கு ஹூக். ஹூக்கில் குட்டையான வளைவு கொண்டது ஒன்று, சற்று உயர்ந்த வளைவு கொண்டது ஒன்று என இரண்டு வாங்குங்கள். அலை அலையான முனை கொண்ட ரேக் ஒன்று வேண்டுமானால் இருக்கட்டும். அதை முன்னும் பின்னும் உரசினால் மலிவான பூட்டுகள் சில நொடிகளில் திறந்துகொள்ளும், ஆனால் எப்படித் திறந்தது என்று உங்களுக்கே தெரியாது. செட்டில் உள்ள மற்றவை பெரும்பாலும் இவற்றின் மறுபதிப்புகளும், ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாத வடிவங்களுமே.

எல்லாரும் ஹூக்கைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். டென்ஷன் ரெஞ்சை யாரும் கவனிப்பதில்லை. உண்மையில் தொடக்கநிலையில் தோல்வி பெரும்பாலும் இதனால்தான் வருகிறது. மலிவான செட்களில் இது மெல்லிய கம்பியாகவோ முறுக்கிய தகடாகவோ இருக்கும். அழுத்தும்போது தானே நெளிந்து, பூட்டுக்குள் இருந்து வர வேண்டிய உணர்வை விழுங்கிவிடும். தட்டையான, முறுக்கில்லாத, சாவித்துளையின் மேல்வாயில் பொருந்தி உட்காரும் ரெஞ்சைத் தேடி வாங்குங்கள். 0.8, 1.0, 1.2 மில்லிமீட்டர் என்று மூன்று தடிமன்களில் வைத்துக்கொண்டால், ஆட்டமில்லாமல் இறுக்கமாகப் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ளலாம். செட்டில் நல்லதாக இல்லாவிட்டால் கார் வைப்பர் பிளேடின் ரப்பருக்குள் ஓடும் எஃகுப் பட்டையை வெட்டி, முனையைச் செங்குத்தாக மடித்து நீங்களே செய்துகொள்ளலாம். பழைய பிளேடை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்டால் கொடுப்பார்கள்.

ஹூக்கின் தடிமன் 0.6 மில்லிமீட்டர் இருந்தால் கதவுச் சிலிண்டருக்குச் சரியாக இருக்கும். சிறிய பித்தளைப் பூட்டுகளின் நெளிந்த சாவித்துளைக்குள் அது சிக்கும், அதற்கு 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை உள்ள ஒன்று தனியே வேண்டும். உலோகத்தைப் பொறுத்தவரை, குளிர்நிலையில் உருட்டிக் கடினமாக்கிய 301 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு உங்கள் ஊருக்கு ஏற்றது. துருவைத் தாங்கும், வளைந்தாலும் சட்டென்று முறியாது. கார்பன் ஸ்பிரிங் எஃகில் செய்தவையும் நன்றாகவே உழைக்கும், ஆனால் சாரலில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் செம்புள்ளி விழுந்துவிடும். காந்தத்தை ஒட்டவைத்துப் பார்த்து, ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் அல்ல என்று சொல்வார்கள். இதை இங்கே நம்ப வேண்டாம், 301 எஃகு குளிர்நிலையில் உருட்டப்படும்போது காந்தத்தை ஈர்க்கும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. அதைவிட நல்ல சோதனை, கருவியின் நுனியைச் சற்றே வளைத்து விட்டுப் பார்ப்பது: பழைய நிலைக்கே திரும்பினால் வாங்கலாம், வளைந்தபடியே நின்றால் அது வெறும் தகடு.

வாங்கியவுடன் பூட்டுக்குள் விடாதீர்கள். தகட்டிலிருந்து அச்சடித்து வெட்டிய கருவியின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத பிசிர்கள் இருக்கும். ஒரு துண்டு பஞ்சை ஓரத்தின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடமெல்லாம் பிசிர். அந்தப் பிசிர் பின்னின் மேல் உரசும்போது எழும் அதிர்வை, பின் உட்கார்ந்த சொடுக்கு என்று விரல் தவறாக எடுத்துக்கொள்ளும். பெயின்டர்கள் வாங்கும் வாட்டர் பேப்பரில் 400, 800, 1200 ஆகிய மூன்று தரங்களை உங்கள் கடையிலிருந்தே எடுத்து, தண்ணீரில் நனைத்து, வரிசையாகத் தேயுங்கள். தேய்ப்பது எப்போதும் கருவியின் நீளவாக்கில் இருக்க வேண்டும், ஏனெனில் குறுக்கே விழும் கீறல் ஒவ்வொன்றும் பின்னாளில் முறிவு தொடங்கும் இடமாகும். ஓரங்களை மழுக்கினால் போதும், தண்டை மெலியச் செய்யக் கூடாது. கிரைண்டரில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நிறம் மாறும் அளவுக்குச் சூடேறினால் எஃகின் விறைப்பு போய்விடும்.

சாரல் காலப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று உங்கள் பகுதியில் மாதக்கணக்கில் நிற்கிறது. மழை நேரே படாமலேயே துரு வருவதற்கு அதுவே போதும். ஆனால் கருவிகளைக் கெடுப்பதில் காற்றைவிடக் கைவியர்வைக்குப் பங்கு அதிகம், அதில் உப்பு இருப்பதால். பழகி முடித்ததும் ஒவ்வொரு கருவியையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் விட்டுப் பூசி, பிறகு எண்ணெய் இருப்பதே தெரியாத அளவுக்கு மறுபடி துடையுங்கள். செட்டோடு வரும் ரெக்சின் பையில் வைக்காதீர்கள். அது ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். பருத்தித் துணியில் ஒன்றோடொன்று படாமல் சுருட்டி, மூடி இறுகிய டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டை உடன் போட்டு வையுங்கள். நிறம் மாறிக் காட்டும் நீல மணிகள் கிடைத்தால் அவை இளஞ்சிவப்பாக மாறும்போது ஈரம் நிறைந்துவிட்டது என்று அறியலாம். அவற்றில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காமல் புதியதை மாற்றிவிடுங்கள். கைப்பிடியில் ரப்பர் உறை இருந்தால் அதன் அடிப்பகுதியை மாதம் ஒருமுறை பாருங்கள், துரு முதலில் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். மேலோட்டமான செந்துருவை எண்ணெயும் 1200 வாட்டர் பேப்பரும் கொண்டு எடுத்துவிடலாம். நகத்துக்குக் குழி தட்டுப்பட்டால் அந்தக் கருவியை ஒதுக்கிவிட வேண்டும், பூட்டுக்குள் அது முறியும்போது உடைந்த துண்டை எடுப்பது பூட்டைத் திறப்பதைவிடக் கடினம்.

கருவி வளைவதற்கு எஃகைக் குறைசொல்லும் முன் உங்கள் டென்ஷன் கையைக் கவனியுங்கள். ரெஞ்சை அளவுக்கு மீறி அழுத்தினால் பின் துளைக்குள் இறுகிக்கொள்ளும், அதை உயர்த்த ஹூக்கை நெம்புவீர்கள், ஹூக் வளையும். ரெஞ்சைப் பிடிக்கும் விரலின் நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். முதல்முறை வளைந்ததை மெல்ல நிமிர்த்திக்கொள்ளலாம். அதே இடத்தில் மறுபடி வளைந்தால், முனையை வெட்டிச் சின்ன அரத்தால் அராவிக் குட்டையான ஹூக்காக மாற்றிக்கொள்ளுங்கள். அராவும்போது கண்ணாடி அணிந்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்குச் சொந்தமான பூட்டையோ, உரியவர் வெளிப்படையாக அனுமதித்த பூட்டையோ தவிர வேறெதையும் தொடாதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் கதவில் பழகாதீர்கள், அது உங்கள் வீட்டுக் கதவே ஆனாலும், பின் கெட்டால் நடு இரவில் வெளியே நிற்க நேரிடும். அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-ஆம் பிரிவும் வீடுபுகுதலின் வழிகளில் ஒன்றாகவே வைக்கின்றன. புளியரைச் சோதனைச் சாவடி வழியாகக் கேரளத்துக்குப் போய்வருகிறவர்கள் உங்கள் ஊரில் ஏராளம். அப்படிப் போகும்போது, குறிப்பாக இரவில், இந்த டப்பா வண்டிக்குள் இருக்க வேண்டாம். பொழுதுபோக்கு என்று சொன்னால் நம்பும் காவலரும் இருப்பார், நம்பாதவரும் இருப்பார். கடைக்கு வரும் வாடிக்கையாளர் யாராவது வந்து திறந்துதரச் சொன்னால், ஊர்ச் சாவிக்காரரிடம் அனுப்பிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் கேள்விக்குச் சுருக்கமான பதில்: விடவே கூடாது. அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் உங்கள் ஊர் அந்த அளவுக்குக் குளிர்வது உண்டு. உறையாத நாட்களிலும் தூசியைச் சேர்த்துப் பிசுபிசுப்பாகி, ஸ்பிரிங்கால் பின்னைக் கீழே தள்ள முடியாதபடி செய்துவிடும். ஏற்கெனவே யாரோ எண்ணெய் விட்ட பழைய சிலிண்டர் கிடைத்தால், அதைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பின்களைப் பூட்டிய பிறகு சிறிது கிராஃபைட் பொடியைச் சாவியில் தடவி உள்ளே விட்டு எடுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டர்பன்டைனும் ஆகும். இரண்டையும் அடுப்புக்கு அருகில் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். கிராஃபைட் போட்ட பூட்டுக்குப் பிறகு எண்ணெய் விடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் பசையாகிவிடும்.